பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் கிட்டார்

பாட்டு தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, யாரோ இருமுகிறார். பெரிய இருமல் இல்லை. தொண்டையில் ஏதோ தட்டுப்பட்டால் லேசாகச் செருமிக்கொள்வோமே, அந்த அளவுதான். கூடவே மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம் ஒரு கிட்டார், முழங்கால் இடிக்கும் தூரத்தில் ஒருவர் உட்கார்ந்து வாசிப்பதுபோல ஆரம்பிக்கிறது.

பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழு 1975 செப்டம்பரில் வெளியிட்ட 'விஷ் யூ வேர் ஹியர்' பாட்டைச் சொல்கிறேன். 'நீ இங்கே இருந்திருக்கலாமே' என்று தமிழில் சொல்லலாம். ஐந்தரை நிமிடப் பாட்டு. லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பதிவானது. கிட்டாரும் குரலும் டேவிட் கில்மருடையவை, வரிகள் ரோஜர் வாட்டர்ஸுடையவை. எத்தனையோ வருடமாகக் கேட்கிறேன். அந்த இருமல் வரும் இடத்தில் இன்னமும் என்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஏன் அப்படி என்று யோசித்ததில்தான் மென்மையான ராக் பாட்டு நம் காதிலும் உடம்பிலும் என்ன செய்கிறது என்பது கொஞ்சம் பிடிபட்டது.

இந்த மாதிரிப் பாட்டை 'ராக் பேலட்' என்பார்கள். பழைய ஐரோப்பாவில் பேலட் என்றால் கதைப்பாட்டு. இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சொல் மெதுவான, உருக்கமான பாட்டைக் குறிக்கத் தொடங்கி, ராக் இசைக்காரர்களிடமும் அந்தப் பொருளிலேயே ஒட்டிக்கொண்டது. 'சத்தம் கம்மியான ராக்' என்று இதை விளக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். கனமான ராக் பாட்டு ஒன்றைப் போட்டு, ஒலியைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். அது மென்மையாகிவிடுமா? ஆகாது. பக்கத்து வீட்டில் யாரோ அதே பாட்டை அலறவிட்டதுபோல் கேட்கும், அவ்வளவுதான். இப்போது ஒரு மென்மையான பேலட்டைப் போட்டு ஒலியைக் கூட்டுங்கள். அது முரட்டுப் பாட்டாக மாறாது. பாடுகிறவர் இன்னும் ஒரு அடி நெருங்கி வந்ததுபோல் இருக்கும்.

ஆக, மென்மை என்று நாம் உணர்வது ஒலியின் அளவை விடத் தூரத்தைப் பற்றியது. அது எவ்வளவு பக்கத்தில் இருந்து வருகிறது என்பதைப் பற்றியது. 'விஷ் யூ வேர் ஹியர்' பாட்டைக் கட்டியவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது. முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடிவரை அந்தப் பாட்டு தூரத்தை வைத்துத்தான் விளையாடுகிறது.

பாட்டின் பெயரையே கொண்ட இசைத்தட்டில் இதற்கு முந்தைய பாட்டிலிருந்து தொடங்க வேண்டும். அதில் எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் முழு வீச்சில் இருக்கும். அதன் முடிவில், ஒரே இழுப்பில், மொத்த இசைக்குழுவும் சுருங்கி ஒரு சின்ன ரேடியோவுக்குள் போய் விழுகிறது. கனம் போய்விடுகிறது, பளபளப்பும் போய்விடுகிறது, தகர டப்பாவுக்குள் வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது. பிறகு யாரோ ரேடியோவின் குமிழைத் திருகுகிறார்கள். கொரகொரப்பு, பேச்சுக் குரல், ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் நான்காவது சிம்பனியிலிருந்து ஒரு துணுக்கு, மறுபடி கொரகொரப்பு. இந்த ரேடியோ ஒலிகளை கில்மரின் கார் ரேடியோவிலிருந்தே பதிவு செய்திருக்கிறார்கள். ராத்திரியில் இலங்கை வானொலிக்காகக் குமிழைத் திருகிக்கொண்டிருந்த தலைமுறைக்கு இந்தச் சத்தத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இரண்டு நிலையங்களுக்கு நடுவே வரும் அந்த இரைச்சலே, எங்கோ வெகுதூரத்தில் ஒருவர் நமக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிடும்.

கடைசியில் குமிழ் ஓர் இடத்தில் நிற்கிறது. அங்கே 12 கம்பி கிட்டார் ஒன்று கேட்கிறது. அதுவும் மெலிந்து, ரேடியோக் குரலில்தான். மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ்வரை (ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) கேட்கும். பழைய ஏஎம் ரேடியோப் பெட்டிகள் பெரும்பாலும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை விட்டுவிடும். சின்ன ஸ்பீக்கர் அடித்தொனியையும் தின்றுவிடும். மிச்சம் இருப்பது நடுப்பகுதி மட்டும். ஸ்டூடியோவில் வேண்டுமென்றே அந்த கிட்டார் ஒலியின் மேல் பகுதியையும் கீழ்ப் பகுதியையும் வெட்டி எடுத்து, இந்த ரேடியோத் தன்மையைக் கொடுத்தார்கள். நம் மூளைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் இது நம் அறைக்குள் இல்லாத ஒருவர் வாசிப்பது என்று அது உடனே முடிவு செய்துவிடுகிறது.

அந்த 12 கம்பிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அவை ஆறு ஜோடி. தடித்த நான்கு கம்பிகளுக்கும் பக்கத்திலேயே ஒரு ஸ்தாயி மேலே சுருதி சேர்த்த மெல்லிய துணைக்கம்பி இருக்கும். மீதி இரண்டு ஜோடியிலும் இரண்டு கம்பிக்கும் ஒரே சுருதி. எவ்வளவு கவனமாகச் சுருதி சேர்த்தாலும் ஜோடிகள் மயிரிழை விலகித்தான் இருக்கும். ஒரு கம்பி விநாடிக்கு 392 முறையும் அதன் ஜோடி 393 முறையும் அதிர்ந்தால், இரண்டும் கூடி விநாடிக்கு ஒருமுறை ஒலி எழும்பித் தாழும். இப்படிப் பல ஜோடிகள் பல வேகத்தில் எழும்பித் தாழ்வதைத்தான் மினுமினுப்பு என்று உணர்கிறோம். வெயிலில் குளத்துத் தண்ணீர் மேலே வெளிச்சம் நடுங்குமே, காதுக்கு அது இப்படித்தான் கேட்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கிட்டார் கற்கிறவர்கள் இந்த அறிமுக இசையை வாசித்துப் பார்த்தால் விரலிலேயே கண்டுகொள்வார்கள். கோர்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம், மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் மெல்லிய இரண்டு கம்பிகளின் மூன்றாவது ஃப்ரெட்டை (வீணையின் மெட்டு மாதிரி) விட்டு நகர்வதே இல்லை. கீழே எது மாறினாலும் மேலே அந்த இரண்டு ஸ்வரங்கள் மட்டும் அப்படியே ஒலித்துக்கொண்டிருக்கின்றன. பாட்டின் ஆதார சுருதியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அவை இரண்டும் ஸ, ப. தம்புராவில் நாம் கேட்கும் அதே இரண்டு ஸ்வரங்கள். கில்மர் அதை நினைத்து வைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. கிட்டாரில் கை போகிற போக்கிலேயே அது அமையும். ஆனால் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இந்தப் பாட்டு முதல் தடவையே வீட்டுக்குள் வந்த மாதிரி இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

சரி, இப்போது இருமலுக்கு வருவோம்.

ரேடியோவில் அந்த 12 கம்பி கிட்டார் ஒரு சுற்று வாசித்துக்கொண்டிருக்கும்போதுதான் இருமல் வருகிறது. அதுவரை நாம் ஒரு ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இருமல் ரேடியோவிலிருந்து வரவில்லை. அதற்கு முழு ஒலி இருக்கிறது, கனம் இருக்கிறது, ஈரம்கூட இருக்கிறது. அறையில் நம்மைத் தவிர இன்னொருவர் இருக்கிறார் என்று அந்தக் கணத்தில்தான் தெரிகிறது! அவரும் நம்மோடு சேர்ந்து இத்தனை நேரம் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். செருமிக்கொண்டு தன் கிட்டாரை எடுத்து, ரேடியோவில் வரும் இசைக்கு மேலே வாசிக்கத் தொடங்குகிறார். ராத்திரி தன் அறையில் உட்கார்ந்து ரேடியோவோடு சேர்ந்து வாசித்துப் பார்க்கும் ஒரு பையன். கில்மர் மனதில் இருந்த காட்சியும் கிட்டத்தட்ட இதுதான் என்று அவரே பின்னாளில் விளக்கியிருக்கிறார்.

இந்த இரண்டாவது கிட்டாரை நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். ஸ்வரத்துக்கு முன்னால், விரல்நுனி கம்பியில் படும் 'டிக்' கேட்கும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கை வழுக்கும்போது, சுற்றுக்கம்பியின் வரிகளில் தோல் உரசி 'க்ரீச்' என்று ஒரு சின்னக் கீச்சல் வரும். கம்பியை ஓரமாக இழுத்து ஸ்வரத்தை மேலே ஏற்றும் இடங்களில் (வீணையில் செய்வதுபோலத்தான்) கம்பி கொஞ்சம் முரண்டு பிடித்து அப்புறம் இணங்குவதுகூடத் தெரியும். இதெல்லாம் இசை இல்லை என்று கழித்துவிட வேண்டிய சத்தங்கள் என்று ஒரு பதிவாளர் நினைத்திருந்தால் பாட்டே போயிருக்கும். இந்தச் சின்னச் சத்தங்கள் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் கேட்காது. கேட்கிறது என்றால் நாம் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம் என்று பொருள். தூரத்துச் சத்தம் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பிய எதிரொலியைச் சுமந்துகொண்டு வரும். பக்கத்துச் சத்தம் அப்படி ஒன்றும் இல்லாமல் நேராக வரும். காது இந்தக் கலவையின் விகிதத்தை வைத்தே தூரத்தை அளக்கிறது. நாம் யோசிப்பதற்கு முன்னாலேயே அளந்து முடித்துவிடுகிறது.

காதுக்குள் நடப்பதும் இதற்கு ஒத்துப்போகிறது. நடுக்காதில் அங்கவடி எலும்போடு ஒட்டிய ஒரு தசை உண்டு. உடம்பில் உள்ள எலும்புத்தசைகளிலேயே மிகச் சிறியது அதுதான். உரத்த சத்தம் வந்தால் அந்தத் தசை தானாக இறுகி, எலும்பின் அசைவைக் கட்டுப்படுத்தும். பெரிய கச்சேரி மேடைக்கு முன்னால் நிற்கும்போது நம் காது, தன்னை அறியாமல், கொஞ்சம் கதவைச் சாத்திக்கொள்கிறது. மெல்லிய சத்தத்துக்கு அப்படி இறுக வேண்டியதில்லை. அதற்கும் உள்ளே, காக்ளியா என்ற உட்காதுச் சுருளில், வெளி மயிர்ச்செல்கள் என்று ஒரு வகை உண்டு. ஒரு காதில் ஏறக்குறைய 12,000 இருக்கும். அவை வெறுமனே கேட்பவை இல்லை. ஒலிக்குத் தகுந்தபடி நீண்டு சுருங்கி அதிர்வைப் பெருக்கிக் கொடுப்பவை. மெல்லிய ஒலியைத்தான் அவை அதிகமாகப் பெருக்கும், உரத்த ஒலிக்கு அந்த உதவி குறைந்துவிடும். ஆக, மென்மையான பாட்டு கேட்கும்போது 'காதைக் கொடுத்துக் கேட்பது' என்று நாம் சொல்வது வெறும் சொல்வழக்கு இல்லை. உண்மையிலேயே காது தன் பங்குக்கு உழைத்து அந்த ஒலியை உள்ளே தூக்கிக்கொண்டு போகிறது.

குரல் வருவதற்கு ஒன்றரை நிமிடம் ஆகிவிடுகிறது. அதுவரை கிட்டார் மட்டும்தான் பேசுகிறது. கில்மரின் குரல் பூசி மெழுகிய குரல் இல்லை, தொடக்கத்திலேயே லேசான கரகரப்பு இருக்கிறது. மேடையில் நின்று கூட்டத்துக்குப் பாடுகிறவர் தூரத்தைத் தாண்டுவதற்காகக் குரலைத் தள்ளுவார். இங்கே அந்தத் தள்ளல் கிடையாது. மைக் இருப்பதால் கத்த வேண்டிய அவசியம் இல்லை என்பது மட்டும் காரணமில்லை. திசை பார்த்துப் பிடிக்கும் வகை மைக்குகளுக்கு ஒரு குணம் உண்டு, வாய் நெருங்க நெருங்க அவை குரலின் அடித்தொனியைத் தூக்கிக் காட்டும். காதோடு வாய் வைத்துப் பேசும் குரலில் உள்ள கதகதப்பு அப்படித்தான் ஒலிப்பதிவுக்குள் வந்து சேர்கிறது. மென்மையான பாட்டுகளின் பெரும்பகுதி இந்தக் குணத்தை நம்பித்தான் பாடப்பட்டிருக்கிறது.

வரிகளை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றில் பெரும்பகுதி கேள்விகள் என்பதை மட்டும் சொல்கிறேன். கேள்வி கேட்கிறவர் பதிலுக்காகக் காத்திருப்பதுபோல வரிகளுக்கு நடுவில் இடைவெளி இருக்கிறது. பாட்டின் நடை நிமிடத்துக்குச் சுமார் 60 தட்டு, ஓய்வாக உட்கார்ந்திருப்பவரின் நாடித்துடிப்புக்குப் பக்கத்தில். அவசரம் என்பதே இல்லாத வேகம்.

குரல் வந்த பிறகும் டிரம்ஸ் உடனே வந்துவிடுவதில்லை. அது வரும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். எனக்கு முழங்கைக்கு மேலே மயிர் சிலிர்க்கும், சில நாள் பின்கழுத்திலும். இந்தப் புல்லரிப்பை மாண்ட்ரியாலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தங்களுக்குப் புல்லரிக்க வைக்கும் இசையை அவரவரையே கொண்டுவரச் சொல்லிக் கேட்க வைத்து, மூளையைப் படம் பிடித்தார்கள். உச்சக் கணத்தில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருள் சுரப்பது தெரிந்தது. அதைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது, அந்த உச்சத்துக்குச் சில விநாடிகள் முன்னதாகவே, 'இதோ வரப்போகிறது' என்ற எதிர்பார்ப்பிலேயே, மூளையின் வேறொரு பகுதியில் டோபமைன் சுரந்துவிடுகிறது என்பதுதான். நூறாவது தடவை கேட்டாலும் சலிக்காததன் காரணம் இங்கே இருக்கிறது. எது வரும் என்று தெரிந்திருப்பதால் சுகம் குறைவதில்லை, தெரிந்திருப்பதாலேயே முன்கூட்டித் தொடங்குகிறது. ராக் பேலட் இந்தக் காத்திருப்பை நீட்டத் தெரிந்த வடிவம். பியானோ, பேஸ், டிரம்ஸ் எல்லாமே அந்த ஸ்டூடியோவில் தயாராக இருக்கின்றன என்பது கேட்கிறவருக்குத் தெரியும். இந்த ஆட்கள் நினைத்தால் கூரையைப் பெயர்க்க முடியும் என்று முந்தைய பாட்டிலேயே பார்த்துவிட்டோம். அவ்வளவு பலம் உள்ளவர்கள் அதை அடக்கிக்கொண்டு இரண்டு விரலால் வாசிப்பதில் ஒரு தனி மரியாதை தெரிகிறது.

பாட்டின் பிற்பகுதியில் ஒரு கிட்டார்ப் பகுதி உண்டு. அதில் கிட்டார் வாசிக்கும் ஸ்வரங்களையே கில்மர் சொல் இல்லாமல் வாயாலும் பாடிக்கொண்டு போகிறார். தனியாக வாசிக்கிறவர்கள் தங்களை மறந்து முனகுவார்களே, அதேதான். அந்த அறை, அந்தப் பையன், அந்த ரேடியோ எல்லாம் அந்த முனகலில் இன்னொரு தடவை நினைவுக்கு வந்துவிடுகின்றன.

இத்தனை நெருக்கமும் யாருக்காக? பிங்க் ஃப்ளாய்டின் தொடக்க காலத் தலைவர் சிட் பாரெட். பாட்டுக்காரர், கிட்டார்க்காரர், குழுவின் முதல் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர். மனநிலை குலைந்து 1968இல் குழுவை விட்டு விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பர் கில்மர். இந்த இசைத்தட்டின் வேலை ஆபி ரோட்டில் நடந்துகொண்டிருந்த 1975 ஜூன் மாதத்தில் ஒருநாள், தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்ட, பருத்த ஓர் ஆள் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். பழைய நண்பர்களுக்கே அது பாரெட் என்று கண்டுகொள்ள நேரம் பிடித்தது. அப்போது அவர்கள் மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைக் கலந்து சேர்ப்பது) செய்துகொண்டிருந்ததும் அவரை நினைத்து எழுதிய பாட்டைத்தான், இதே தட்டில் உள்ள நீளமான 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்'. தலைப்புப் பாட்டான 'விஷ் யூ வேர் ஹியர்' அவரைப் பற்றியது மட்டும் இல்லை. ஆனால் அவரை நினைக்காமல் அதைப் பாட முடிந்ததில்லை என்று கில்மர் சொல்லியிருக்கிறார். பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த வாட்டர்ஸும் கில்மரும் 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க் மேடையில் மறுபடி ஒன்றாக நின்றபோது இந்தப் பாட்டையும் பாடினார்கள். சிட் பாரெட்டுக்காக என்று வாட்டர்ஸ் மேடையிலேயே சொன்னார். அடுத்த வருடம் பாரெட் இறந்துபோனார்.

பாட்டைக் கேட்க ஒரு யோசனை சொல்கிறேன். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நம் வீடுகளில் அதன் இரைச்சலை நாம் இரைச்சலாகவே நினைப்பதில்லை. ஆனால் முதல் அரை நிமிடத்தின் ரேடியோக் கொரகொரப்பை அது அப்படியே மூடிவிடும், ஒரேமாதிரி இரைச்சல் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோகும். நான் பல வருடம் விசிறிக்குக் கீழேதான் இந்தப் பாட்டைக் கேட்டேன். மின்சாரம் போன ஒரு ராத்திரி, மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, கைபேசியில் ஹெட்போன் சொருகிக் கேட்டபோதுதான் மூக்கை உறிஞ்சும் சத்தம் முதன்முதலாகக் காதில் விழுந்தது. பக்கத்தில் படுத்திருந்த தம்பிதான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

கடைசி நிமிடத்தில் இன்னொரு தூரம் இருக்கிறது. பாட்டு மங்கத் தொடங்கும்போது காற்று வீச ஆரம்பிக்கிறது. முதலில் இசைக்கு அடியில், அப்புறம் அதை மூடிக்கொண்டு. பக்கத்தில் இருந்தவர் விலகிக்கொண்டே போகிறார். அந்தச் சமயத்தில் ஆபி ரோட்டிலேயே வேறொரு பதிவுக்காக செவ்வியல் வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹினோடு வந்திருந்தார் பிரெஞ்சு ஜாஸ் வயலின் மேதை ஸ்டெஃபான் கிராப்பெல்லி. வயது 67. அவரைக் கூப்பிட்டு இந்தப் பாட்டின் முடிவுக்கு வயலின் வாசிக்கச் சொன்னார்கள், 300 பவுண்டு கொடுத்தார்கள். ஆனால் மிக்ஸிங்கில் அந்த வயலினைக் காற்றுக்கு அடியில் புதைத்துவிட்டார்கள், தட்டில் அவர் பெயர்கூடப் போடவில்லை. 2011இல் வந்த மறுவெளியீட்டில் அவர் வாசித்த வடிவம் முழுசாக இருக்கிறது. அருமையான வாசிப்பு, கேட்டுப் பாருங்கள். இருந்தாலும் எனக்குப் பழைய வடிவமே போதும். காற்று எழும்பும் இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு அந்த வயலினைத் தேடுவேன். சில நாள் கேட்பதுபோலவே இருக்கும், சில நாள் வெறும் காற்று மட்டும்தான். அந்தக் காற்றும் முழுசாக அடங்கிவிடுவதில்லை. தட்டின் அடுத்த பாட்டு அதற்குள்ளிருந்துதான் தொடங்குகிறது.